நல்ல பக்கம்

மதிய வெயில் தணியத் தொடங்கிய நேரத்தில் மேக்கப் அக்கா அந்தப் பழைய மாடிவீட்டின் முன் வந்து இறங்கினாள். ஊருக்கே அவள் மேக்கப் அக்காதான்; அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், மணியை அழுத்தாமல் சற்று நேரம் நின்றாள்.

இந்த வீட்டுக்கு அவள் ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறாள். அன்றைக்குக் கையில் பெட்டி இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அழுதுவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பாப்பா என்று செல்லப்பெயர். தங்கை பிறந்த பிறகும் அது மாறவில்லை. இளையவள் சின்னு. போன வருடம் பாப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்து, ஒத்திகை மேக்கப்புக்காக அக்காவின் கடைக்கு வந்திருந்தாள். முடித்ததும் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. கழுவிவிடலாமா என்று அக்கா கேட்டதற்கு, அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் கழுவுவேன் என்றாள். வெளியே தூறல். முகத்தில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதே என்று கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். லாரி வந்ததை அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தை மூடியே வைத்திருந்தார்கள். பெற்றவள் எவ்வளவோ கெஞ்சியும் யாரும் துணியை விலக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று சின்னுவுக்குக் கல்யாண வரவேற்பு. வேறு யார் கையும் தன் முகத்தில் படக் கூடாது என்று அவள் பிடிவாதம் பிடித்ததாகச் சொல்லித்தான் அக்காவை வரவழைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்த அம்மா பாதியாகிப் போயிருந்தாள். சின்னு மாடியில், பாப்பாவின் அறையில் காத்திருப்பதாகச் சொன்னாள். நீங்களும் வாங்க என்று அக்கா கூப்பிட்டபோது மாடிப்படியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லையாம்.

அறையில் பெரிய ஜன்னல். கண்ணைக் கூசாத நல்ல வெளிச்சம். அக்காவுக்கு அது பிடித்துப்போனது. டியூப்லைட்டை நம்பிப் போட்ட மேக்கப் வெளியே போனதும் பல்லை இளிக்கும் என்பது அவள் அடிக்கடி சொல்வது. கண்ணாடிக்கு எதிரே நாற்காலியில் சின்னு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலி, அதுவும் கண்ணாடியைப் பார்த்தபடி, காலியாக.

அக்கா பெட்டியைத் தூக்கி முக்காலிமேல் வைக்கப் போனாள்.

"அதுல வைக்காதீங்கக்கா," என்றாள் சின்னு.

உடைந்த முக்காலி போலிருக்கிறது என்று நினைத்து அக்கா பெட்டியைத் தரையில் வைத்தாள்.

வேலையைத் தொடங்கினால் அக்காவுக்கு வாய் ஓயாது. மணப்பெண்களின் படபடப்பு அடங்க அதுதான் மருந்து. முகத்துக்குக் க்ரீம் தடவிவிட்டு, இது உள்ளே இறங்கட்டும், பொறுக்காமல் மேலே பூசினால் சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உரியும் என்றாள். கண்ணுக்குக் கீழே கருமை இருந்தால் அதன் மேல் வெள்ளையை அப்பக் கூடாது, சாம்பல் பூத்துவிடும். முதலில் ஆரஞ்சு நிறத்தைத் துளி தொட்டு வைக்க வேண்டும் என்றாள். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்தபடி, இதைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்க இதென்ன பாத்திரமா என்றாள். சின்னு சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவள் பார்வை தன் முகத்தில் இல்லை. முக்காலியின் மேல் இருந்தது.

புறங்கையில் ஃபவுண்டேஷனைக் குழைத்து, சின்னுவின் தாடையோரம் ஒரு கோடு இழுத்தாள் அக்கா. சரியான நிறமென்றால் கோடு தோலோடு கரைந்துவிடும்.

கரையவில்லை. சின்னுவின் நிறத்தைவிட ஒரு பூச்சு கருப்பு.

துடைத்துவிட்டு மறுபடி குழைத்தாள். குப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினாள். அப்போதும் அதே நிறம். புறங்கையை ஜன்னலுக்கு நேரே நீட்டிப் பார்த்தாள்.

அது பாப்பாவின் நிறம்.

எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. வெளியே இன்னும் வெயில் அடிக்கிறது. அறைக்குள் நனைந்த தார்ரோட்டின் வாடை. கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து, அவள் கையில் இருப்பதை எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு குளிர்.

அக்கா திரும்பவில்லை.

"பயப்படாதீங்க," என்றாள் சின்னு மெல்ல. "பாப்பாதான்."

பிறகு தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். சாயங்காலமானால் முக்காலி தானாக நகர்ந்து கண்ணாடிக்கு எதிரே வந்துவிடுமாம். முதலில் அலறிக்கொண்டு கீழே ஓடியிருக்கிறாள். அப்புறம் ஒருநாள் துணிந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது விசும்பல் கேட்டிருக்கிறது. கண்ணாடியில் பாப்பாவுக்குத் தன் முகம் தெரியவில்லை போலிருக்கிறது என்றாள். அம்மாவிடம் காட்டப் போனவளுக்குக் காட்ட முகமில்லை. மாடிப்படிவரை போய்ப் போய்த் திரும்பி வருகிறாளாம்.

"நாளைக்கு நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன். அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? முதல்ல அவளுக்குப் போடுங்கக்கா. எனக்கு அப்புறம் போட்டாப் போதும்."

பெட்டியைப் போட்டது போட்டபடி ஓடிவிடலாமா என்று அக்கா கதவைப் பார்த்தாள். அப்போது முக்காலியின் கால் தரையில் லேசாக உராய்ந்தது. விட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்த பிள்ளை அவசரமாக நிமிர்ந்து உட்காருவதுபோல் இருந்தது அந்தச் சத்தம்.

ஓட நினைத்தவள் கதவிலிருந்து பார்வையைத் திருப்பினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை ஏந்திக் காட்டிய எத்தனையோ பெண்கள் அவள் நினைவில் வந்து போனார்கள்.

ஸ்பாஞ்சை எடுத்தாள். முக்காலிக்கு மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில், காற்றில் ஒற்றினாள்.

ஸ்பாஞ்சு எதிலோ பட்டு நின்றது.

சில்லென்று, மெத்தென்று, ஒரு கன்னம்.

வாயை இறுக மூடிக்கொண்டு வேலை செய்தாள். ஒற்ற ஒற்ற வெறும் காற்றில் நிறம் படிந்தது. முதலில் வலது கன்னம். பிறகு நெற்றி. மூக்கின் மேடு. விரலால் புருவத்தின் எலும்பைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு முடியாகப் பென்சிலால் இழுத்தாள். இமையில் மை ஓட்டும்போது இமை துடித்தது. பாப்பா கடையிலும் இப்படித்தான் துடித்தாள். கூச்சமா இருக்கு என்று சிரித்தாள்.

பவுடரைத் தூவினாள். அது கீழே விழவில்லை. அந்தரத்தில் ஒரு முகத்தின் மேல் படிந்து நின்றது.

ஸ்பாஞ்சை இடப்பக்கம் கொண்டுபோனாள்.

கை உள்ளே போயிற்று.

தொட ஒன்றுமே இல்லை. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டதுபோல் ஒரு குழி மட்டும் இருந்தது. அன்றைக்கு முகத்துணியை ஏன் விலக்கவில்லை என்று அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஸ்பாஞ்சின் நுனி ஈரமாக இருந்தது.

சின்னு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள். "முடியாதா?"

அக்கா ஸ்பாஞ்சைக் கீழே வைத்தாள். எந்த முகத்துக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு, அதை வெளிச்சத்துக்குத் திருப்பத் தெரிந்தவள்தான் தொழில்காரி என்று அவள் எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். முக்காலியை இரண்டு கையாலும் பிடித்தாள். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் கை விறைத்தது. வலப்பக்கம் கதவைப் பார்க்கும்படி, மெதுவாக, உட்கார்ந்திருப்பவள் சாய்ந்துவிடாதபடி திருப்பினாள். உதட்டில் சாயத்தைத் தீட்டி முடித்தாள். சின்னுவைப் பார்த்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

கீழே நெடுநேரம் பேச்சு கேட்டது. முடியாது என்று அம்மா சொல்வதும், சின்னு கெஞ்சுவதும் காதில் விழுந்தன. பிறகு படியில் காலடிகள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தன.

அம்மா கதவருகே வந்து நின்றாள்.

ஜன்னல் வெளிச்சத்தில், முக்காலிக்கு மேலே, பாப்பாவின் முகம். மை தீட்டிய கண்ணும், சிவந்த உதடும், மணப்பெண்ணின் நாணமுமாக, ஒரு பக்கம் மட்டும்.

அம்மா அலறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா," என்றாள். "என் கண்ணே பட்டுடும் போல இருக்கே."

அந்த முகத்தில் உதட்டோரம் மெல்ல உயர்ந்தது.

அம்மா நடந்து வந்தாள். அக்கா பதறி வழியை மறிக்கப் பார்த்தாள். இங்கிருந்தே பாருங்கம்மா என்றாள். அம்மா அவளை ஒதுக்கிவிட்டு முக்காலியைச் சுற்றி இடப்பக்கம் போனாள். அந்த முகம் அவசரமாகக் குனிந்து தன்னை மறைத்துக்கொள்ளப் பார்த்தது.

"எங்கிட்ட என்னடி மறைக்கிற? பெத்தவளுக்குத் தெரியாத மூஞ்சியா?"

அப்படிச் சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாத அந்தக் குழியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னத்தைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டாள். கை நீலம் பாரித்தது. அவள் எடுக்கவில்லை. அந்த முகம் கண்ணை மூடி, முழுப் பாரத்தையும் அம்மாவின் கையில் சாய்த்தது.

வலது கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கிப் பவுடரில் கோடு போட்டது.

பிறகு எல்லாம் ஒரே நொடியில் உதிர்ந்தது. முக்காலிமேல் கொஞ்சம் பவுடரும் கருமையும் சிவப்பும் மட்டும் கிடந்தன. அம்மா அவற்றை விரலால் கூட்டிக் கையில் எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது குரல் தெளிந்திருந்தது.

"சின்னுவுக்குப் போடும்மா. நேரமாச்சு."

இந்த முறை நிறம் சரியாகக் குழைந்தது. சின்னு கல்யாணமாகிப் போனாள். முக்காலி அதற்கப்புறம் நகரவே இல்லை என்று அம்மா சொல்லியனுப்பினாள். அதைச் சொன்னதோடு நிறுத்தாமல், அது நகராததுதான் இப்போது தாங்க முடியவில்லை என்றும் சொன்னாளாம். அதைக் கேட்டு அக்கா கடையை மூடிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

மழைக்காலம் போய், அடுத்த கல்யாண சீசன் வந்தது. ஊரின் மறுகோடியில், புத்தம்புது அடுக்குமாடி வீட்டில், முன்பின் தெரியாத ஒரு மணப்பெண். கண்ணுக்கு மை தீட்டிவிட்டு, காயும்வரை திறக்காதே என்று சொல்லி, அக்கா பிரஷ்ஷைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். அறையில் வேறு யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் மூடிய கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அசிஸ்டன்ட் ரொம்ப பாசக்காரங்கக்கா. எவ்வளவு நேரமா கண்ணுல ஊதிவிடறாங்க. ஆனா என்னமா குளிருது."

மணப்பெண்ணின் நெற்றிமுடி ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தது. அறையில் ஃபேன் ஓடவில்லை. நனைந்த தார்ரோட்டின் வாடை லேசாக வந்தது.

அக்கா ஈரப் பிரஷ்ஷோடு கதவருகிலேயே நின்றாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணத் திறந்துடாதம்மா. இன்னும் காயல."