இரவல் மூச்சு

குளியலறை ஜன்னலில், ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் சிகரெட் துண்டைப் பார்த்ததும் கோகிலா கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். கோபப்பட அவளுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது. முன்னறையில் இணைமூச்சிக் கருவி உறுமியது. முகக்கவசத்தோடு கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர் மயில்சாமியின் மார்பு படபடவென்று ஏறி இறங்கியது.

“ஏம்புள்ள, என்னைக் கொல்லப் பாக்கறயா?”

“சிகரெட் குடிச்சது நீங்க. கொல்லப் பாக்கறது நானா?”

“மொதல்ல மூச்சை அடக்கு! அப்பறம் பேசு.”

அடக்கினாள். வேறென்ன செய்ய?

பஞ்சாலைத் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து மயில்சாமியின் நுரையீரலை எப்போதோ கெடுத்துவிட்டிருந்தன. பனிக்காலம் வந்தால் மூச்சிரைப்பு முற்றும். உள்ளே போன காற்று சரியாக வெளியே வராமல், கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி, ஆளே பாதி மயக்கத்தில் கிடப்பார். தொண்டையில் குழாய் செருகாமல், கவசம் வழியாகவே காற்றை அழுத்தித் தரும் கருவிகள் வெகுகாலமாக இருந்தன. ஆனால் அவர் மூச்சை விடும்போது கருவி தள்ளும்; இழுக்கும்போது நின்றுவிடும். மூச்சு முட்டுகிறது என்று பயந்து கவசத்தைப் பிய்த்து எறிவார்.

அவரைப் போன்றவர்களுக்காக வந்ததுதான் இணைமூச்சி. நோயாளியோடு நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர் மார்பில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அவர் மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்து, அதே போக்கில் நோயாளிக்குக் காற்றைத் தரும் கருவி. பல வருடம் பக்கத்தில் படுத்துறங்கிய மூச்சோடு உடம்பு சண்டை போடுவதில்லை. மகன் பிரசன்னா முதலில் பட்டையைக் கட்டிப் பார்த்தான். அப்பாவின் உடம்பு ஏற்கவில்லை. கோகிலா கட்டிய சில நிமிடங்களில் அவர் முகத்திலிருந்த நீலம் குறைந்தது.

“இதுக்கும் நான்தானுங்களா?” என்று டாக்டர் பர்வீனிடம் கேட்டாள்.

“உங்க மூச்சைத்தாம்மா அவர் உடம்பு நம்புது. நீங்க நிதானமா இருந்தாப் போதும்.”

“அவரு இருக்க விடோணுமே!”

விடவில்லை. மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்தார். மூச்சுப் பயிற்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவசத்தைக் கழற்றும் கொஞ்ச நேரத்திலும் குளியலறைக்குள் போய்ப் புகைத்தார். அவளோ மாடிப்படியில் வேகமாக ஏறக்கூடாது, போனில் தங்கையோடு விழுந்து விழுந்து சிரிக்கக்கூடாது. தும்மினால்கூட முன்னறையிலிருந்து திட்டு வரும். பார்க்க வந்த உறவுக்காரர்களிடம், “இவ இப்பல்லாம் வாயே தொறக்கறதில்லீங்க. இந்த மிசினு வந்தப்பறந்தான் குடும்பம் அமைதியா நடக்குது” என்று பெருமையடித்துக்கொண்டார்.

அவள் மூச்சு தாறுமாறாகும்போதெல்லாம் பட்டை விலாவை லேசாக அழுத்தி நிதானத்துக்குக் கொண்டுவரும். மாதக்கணக்கில் அப்படிப் பழகியதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது.

மறுபடியும் மூச்சிரைப்பு முற்றி, ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் வீடு திரும்பிய வாரம் அது. அரிசி டப்பாவுக்குள் புதுச் சிகரெட் பாக்கெட் ஒன்று கையில் தட்டுப்பட்டது. கோகிலா கோபத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கருவி உறுமவே இல்லை. இத்தனை காலமும் அவள் கத்துவாள், அழுவாள், பிறகு சோறு வடிப்பாள். திட்டித் தீர்த்ததோடு எல்லாம் தீர்ந்துபோகும். இன்று எதுவும் தீரவில்லை. முதல்முறையாக அவளால் தன் வாழ்க்கையை நின்று பார்க்க முடிந்தது.

டாக்டருக்குப் போன் செய்தாள்.

“இந்தப் பட்டை எவ்வளவு தூரம் வரைக்கும் வேலை செய்யுமுங்க?”

“நெட்வொர்க் இருந்தா எங்கிருந்தும் செய்யும். ஏம்மா?”

“தாராபுரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறேனுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“இனி அங்கதானுங்க.”

“அவரை யாரு பாத்துக்குவாங்க?”

“பையன் மாடியிலதான இருக்கான். சோறு, மாத்திரை அவன் பாத்துக்குவான். மூச்சு என்னுதுதான், அது பாட்டுக்கு வந்துட்டிருக்கும்.”

பையை எடுத்துவைத்துவிட்டு அவள் அதையே மயில்சாமியிடமும் சொன்னாள். அவருக்கு உச்சந்தலைவரை கொதித்தது. எழுந்து நின்று கத்த வேண்டும், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிய வேண்டும். ஆனால் கத்துவதற்கு அவருடைய சொந்த மூச்சு வேண்டுமே! கவசத்தின் வழியாக வந்ததோ அவளுடையது: நீளமாக, அவசரமில்லாமல். இறுகிய கை தானாக விரிந்தது. தோள்கள் இறங்கின. கவசத்தைப் பிடுங்கினார், பாதி வார்த்தைக்குள் மூச்சு முட்டியது, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“போகாத,” என்றார். காப்பி வேண்டாம் என்று சொல்வதுபோல அவ்வளவு சாந்தமாக வந்தது அது.

பையைத் தூக்க வந்த பிரசன்னா நிம்மதியாகச் சிரித்தான். “அப்பா சண்டை புடிப்பாருன்னு பயந்துட்டு இருந்தேம்மா. பாரு, எவ்வளவு சாதாரணமா எடுத்துக்கிட்டாரு!”

மயில்சாமி தலையை வேகமாக ஆட்டினார். அதற்குள் அவர்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

பஸ்ஸில் கோகிலாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்தாள்.

வீட்டில் மயில்சாமி ஆத்திரத்தோடு விழித்திருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அவரும் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.