உதவி வருகிறது

சிவப்புப் புள்ளி சாலையை விட்டு விலகி நின்றது.

அவன் டைல்ஸ் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். தரையில் ஒரு கல் நூலளவு தூக்கி நின்றாலும் செருப்புக் காலிலேயே உணர்ந்துவிடுவான். சமையல் மேடையில் சாய்த்து வைத்திருந்த போனில், சாம்பல் கோடாக ஓடும் ஏரிச் சாலையிலிருந்து மனைவியின் புள்ளி கடுகளவு தள்ளி வெறும் பச்சையில் நிற்பது, பார்த்த கணமே கண்ணில் உறுத்தியது. மணி ஐந்து இருபது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரைக் குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் பின்பக்க வாளியில் ஒரே தாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது; காயாத துணிகளின் புழுங்கிய வாடை எல்லா அறைகளிலும் இருந்தது. ஐந்து மணிக்கெல்லாம் அவள் வீடு வந்திருக்க வேண்டும்.

விரல்களால் படத்தைப் பெரிதாக்கினான். புள்ளிக்குப் பக்கத்தில் வீடு இல்லை, பண்ணை இல்லை. ஒரே ஒரு தகரக் கூரை. அதற்குப் பின்னால் ஏரியின் நீலம்.

மழைக்கு ஒதுங்கியிருப்பாள் என்று நல்ல மனசுக்காரன் நினைப்பான். அவனும் நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள், தனியாகவா ஒதுங்கினாள் என்ற கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவள் மாட்டு டாக்டரிடம் உதவியாளர். பண்ணை பண்ணையாக ஸ்கூட்டரில் போய் ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் வேலை. அவள் நிற்கும் இடத்தை எப்போதும் அவன் போனில் புள்ளியாகக் காட்டும் அந்த ஆப்பை அவள் போனில் ஏற்றியதே டாக்டர்தான். போன வருடம் டாக்டரின் ஆள் ஒருவர் ஓடை பெருகி நட்ட நடுக் காட்டில் மாட்டிக்கொண்டார். போன் இருந்தது, சிக்னல்கூட இருந்தது. எங்கே இருக்கிறார் என்று சொல்லத்தான் வழியில்லை. "ஒரு பெரிய மரம், பக்கத்துல ஒரு பாறை" என்றாராம். அந்தப் பக்கம் மரமும் பாறையும் இல்லாத இடம் எது? வயல்காட்டுக்குக் கதவு எண் கிடையாது என்று சொல்லி, மறுநாளே டாக்டர் எல்லார் போனிலும் இதை ஏற்றிவிட்டார். பக்கவாட்டுப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் போதும். நிற்கிற இடமும் பத்து விநாடிச் சத்தமும் மூன்று பேருக்குப் போய்விடும். முதலில் மீட்பு மையம், அடுத்து டாக்டர், மூன்றாவதாகக் கணவன்.

மூன்றாவதாக. அதுதான் அவனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவள் "டாக்டர் இன்னிக்கு என்ன சொன்னார் தெரியுமா" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிடும். அவன் சொன்ன எதற்காவது அவள் அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்து, நினைவுக்கு வராமல் விட்டிருக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு, அவள் அசந்து தூங்கும்போது அவள் கட்டைவிரலைப் பிடித்துப் போனின் மேல் வைத்துத் திறந்தான். டாக்டரின் பெயரை நீக்கினான். மீட்பு மையம் எப்படியும் டாக்டருக்குத்தானே போன் போடும் என்று தோன்றியது, அதையும் நீக்கினான். பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. கணவர். அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினான்.

ஐந்து முப்பத்தொன்றுக்குப் போன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. 'உதவி தேவை.'

பத்து விநாடிச் சத்தத்தைத் தொட்டான். தகரத்தில் நீர் சொட்டும் ஓசை. மூச்சு. விட்டு விட்டு, வேகமாக வரும் மூச்சு. நடுவில் அடக்கிக்கொண்ட ஒரு முனகல். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

போன் இரண்டு உடம்புகளுக்கடியில் சிக்கிப் பொத்தான் தானாக அழுந்தியிருக்கிறது என்றே முடிவு கட்டினான். டாக்டரைக் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்?

ஐந்து முப்பத்தாறுக்கு இரண்டாவது அழைப்பு. அதன் சத்தத்தை அவன் கேட்கவில்லை. ஒரு முறை கேட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும். திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. 'மீட்பு மையத்துக்குத் தெரிவி.' 'உதவி வருகிறது எனச் சொல்.'

இரண்டாவதை அழுத்தினான். கல்லெறிவது போல அழுத்தினான். அவள் திரையில் 'உங்கள் கணவர் வந்துகொண்டிருக்கிறார்' என்று விழும். விழட்டும். பார்த்து இரண்டு பேரும் பதறட்டும்.

காரை எடுத்தவன் ஏரிப் பக்கம் போகவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பதென்றால், அந்த ஆள் வீட்டில் இல்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும்.

டாக்டர் வாசலிலேயே இருந்தார். நாற்காலியில் சாய்ந்து, வலது காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. மடியில் அவருடைய சின்ன மகள் அந்தக் கட்டின் மேல் பேனாவால் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

"அடடே, வாங்க வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான். ஒரு வேலையா வந்தேன். போன் பண்ணினேன், எடுக்கல."

"உள்ள சார்ஜ்ல கிடக்கும். காலைல ஒரு கன்னுக்குட்டி விட்ட உதையில நான் இப்படி உக்காந்துட்டேன் பாருங்க. இருபது வருஷ சர்வீஸ், அதுக்கு என்ன தெரியும்?" சிரித்தவர் நிறுத்தினார். "ஏரிக்கரைப் பண்ணைக்கு உங்க வீட்டம்மாவைத் தனியா அனுப்ப வேண்டியதாப் போச்சு. மழை வேற. மனசே சரியில்ல. ஏதாவது ஒண்ணுன்னா ஆப்ல நமக்குத் தெரிஞ்சிடும், அந்த ஒரு தைரியம்தான். வந்துட்டாங்கல்ல?"

உண்மையைச் சொன்னால் அவள் விரலைப் பிடித்துப் போனைத் திறந்த கதையையும் சொல்ல வேண்டும்.

"வந்துட்டா. வீட்லதான் இருக்கா."

படியிறங்கும்போது வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது வேறு. இவர் இல்லையென்றால் வேறு யார்?

கதவைச் சாத்திக்கொண்டு, காரின் இருட்டில், இரண்டாவது அழைப்பின் சத்தத்தைத் தொட்டான்.

"என்னங்க… வண்டி சறுக்கிருச்சு. கால் உடைஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன். தவழ்ந்து தவழ்ந்து ஒரு ஷெட்டுக்குள்ள வந்துட்டேன். சீக்கிரம் வாங்க. பயமா இருக்கு."

வண்டியைக் கிளப்பினான். மீட்பு மையத்துக்குச் சொல்லிவிடலாம். சொன்னால், அவள் அழைப்பு ஏன் நேராக எங்களுக்கு வரவில்லை என்று கேட்பார்கள். இருபத்தைந்து நிமிடம்தான், நாமே போய்விடலாம். மறுபடி தூறியது; வைப்பர் கண்ணாடியைத் தேய்த்தது. இரண்டு பக்கமும் வயல்கள் நீலமாகி, கறுப்பாகிக்கொண்டிருந்தன.

ஏரிச் சாலை திரும்பும் இடத்தில்தான் மூன்றாவது அழைப்பு ஒன்று வந்து கிடப்பதைப் பார்த்தான். ஐந்து ஐம்பத்தெட்டு. அந்த நேரம் போனைக் காரிலேயே விட்டுவிட்டு டாக்டர் வாசலில் நின்றிருந்தான். வண்டியை ஓரம் கட்டித் தொட்டான்.

சேற்றில் காலடி. மெதுவாக. நெருங்கி வந்து நின்றது. அப்புறம் அவள்.

"வந்துட்டீங்களா? அப்பாடா. மெசேஜைப் பார்த்ததும்தான் உயிரே வந்துச்சு."

"வந்துட்டேன்" என்றது ஓர் ஆண் குரல்.

மறுபடி கேட்டான். மறுபடி. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களில் தினமும் கேட்கிற குரல்தான். அவன் குரல்.

அப்போதும் முதலில் வந்தது பயம் இல்லை. அவளிடம் இவ்வளவு பதமாகப் பேசுகிறவன் யார் என்ற எரிச்சல்தான் வந்தது.

வரைபடத்தைத் திறந்தான். தகரக் கூரையின் மேல் சிவப்புப் புள்ளி. அதை ஒட்டி ஒரு மஞ்சள் புள்ளி. மஞ்சள் அவனுடையது. 'கணவர்' என்று எழுதியிருந்தது. அவன் நின்றுகொண்டிருந்த சாலையில் எந்தப் புள்ளியும் இல்லை.

ஸ்கூட்டர் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. மருந்துப் பெட்டி திறந்து, ஊசிகள் சேற்றில் சிதறியிருந்தன. அங்கிருந்து புல்லை அழுத்திக்கொண்டு ஓர் உடம்பு இழுபட்ட தடம் கொட்டகை வரை போயிற்று. அவன் அதன் மேலேயே நடந்தான். நனைந்த வைக்கோல் வாசனை. துருவின் வாசனை. அதற்கும் கீழே, ஏரி வற்றும்போது அடிச்சேற்றிலிருந்து எழுமே, அந்தப் பழைய குளிர்ந்த வாடை.

உள்ளே போன் டார்ச்சின் வெளிச்சம் தெரிந்தது. பேச்சுக் குரல் கேட்டது.

அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தகரத்தில் காதை வைத்தான்.

"இப்படியெல்லாம் நீங்க பேசி எவ்வளவு நாளாச்சு." அவள் குரல் களைத்திருந்தது. அதில் ஒரு சிரிப்பும் இருந்தது.

"இனிமே பேசறேன்."

"டாக்டர் பேச்சை எடுத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"என் போனை நோண்ட மாட்டீங்களே?"

"எதுக்கு? நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

அவள் சிரித்தாள். மனசு விட்டு, வாய் விட்டு.

தகரத்தில் ஒரு துரு ஓட்டை. கண்ணை வைத்தான். ஒருவன் அவளைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கைகளிலும் ஏந்தி நின்றான். முதுகுதான் தெரிந்தது. வெளிர்நீலச் சட்டை, அதன் முதுகில் டைல்ஸ் கடையின் பெயர். இந்த நிமிடம் அவன் உடம்பில் இருக்கிற சட்டை. அதன் கைகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. விடாமல் ஒழுகியது. மழையில் நனைந்தவனிடம் அவ்வளவு தண்ணீர் இருக்காது. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்; முழு பாரத்தையும் அவன் மேல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அது தலையைத் திருப்பியது. தோள் திரும்பவில்லை. தலை மட்டும்.

அவன் முகம்தான். ஈரமாக இருந்தது. கோபம் இல்லை, சந்தேகம் இல்லை, ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த முகம். அது நேராகத் துரு ஓட்டையைப் பார்த்தது. முதலில் வந்தவன் பிந்தி வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

பிறகு மறுபக்க வாசல் வழியாக வெளியே நடந்தது.

அவன் கொட்டகையைச் சுற்றி ஓடினான். விழுந்தான். எழுந்தான். சேற்றில் ஒரே ஒருவரின் காலடித் தடம். சுமையோடு நடந்த ஆழமான தடம். அவன் ஷூவின் அடி அச்சு. ஏரியை நோக்கிப் போயிற்று.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். தோளில் சாய்ந்திருந்த தலை நிமிரவில்லை. கண்களை மூடியிருந்தாள்.

"வீடு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

முழங்கால். இடுப்பு. தோள். தண்ணீர் சலசலக்கவே இல்லை.

அவன் முழங்கால் வரை இறங்கினான். அடுத்த அடியில் தரை இல்லை. நீச்சல் தெரியாது. பின்வாங்கினான். பின்வாங்கியது தெரிந்தே பின்வாங்கினான். போனை எடுத்து, அப்போதுதான், 'மீட்பு மையத்துக்குத் தெரிவி' என்ற அந்த முதல் பொத்தானை அழுத்தினான்.

அரை நிமிடத்தில் அழைப்பு வந்தது. நிதானமான ஒரு பெண் குரல்.

"மீட்பு மையத்துலேர்ந்து பேசறேன். லொகேஷன் கிடைச்சிருச்சு சார். கரையிலேர்ந்து அறுபது மீட்டர் உள்ள காட்டுது. ஆளுங்க கிளம்பிட்டாங்க, நீங்க தண்ணில இறங்காதீங்க."

"என் மனைவி. காப்பாத்துங்க."

"வந்துட்டே இருக்காங்க சார்." விசைப்பலகை தட்டும் சத்தம். அது நின்றது. "சார், அவங்க கூட ஒருத்தர் இருக்கார். கணவர்னு காட்டுது. நீங்க யாரு?"

அவன் ஏரியை நிமிர்ந்து பார்த்தான்.

ஏரிக்கடியில் அவள் டார்ச்சின் வெளிச்சம் நடந்துகொண்டிருந்தது. தயங்கவில்லை, மங்கவில்லை. நடுவை அடைந்ததும் நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் ஏறியது. இன்னொன்று. அறை அறையாக விளக்குப் போடுவது போல, ஒவ்வொன்றாக, மஞ்சள் சதுரங்களாக. ஜன்னல்கள். கறுத்த தண்ணீருக்கடியில் ஒரு வீடு முழுவதும் விளக்கெரிந்தது. ஒரு ஜன்னலில் இரண்டு நிழல்கள். ஒன்று மற்றதன் தோளில் தலை சாய்த்திருந்தது. மற்றது நிமிர்ந்து, கரையில் நிற்கிறவனை ஒரு முறை பார்த்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடியது.