இரண்டு விரல் தண்ணீர்

புதன், காலை 6.10. ஒரே இரவில் அணையின் நீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

காவலாளி லோயிசோஸ் அளவுக்கம்பத்தின் முன் குனிந்து மறுபடி பார்த்தார். அதே இரண்டு விரல். மதகு பூட்டியிருந்தது. அதன் ஒரே சாவி அவர் இடுப்பில் இருந்தது.

சைப்ரஸில் இரண்டு வருடமாக மழை பொய்த்துவிட்டது. மலையில் மூன்று ஊர்களுக்கு அந்தச் சின்ன அணைதான் குடிநீர். திங்களும் வியாழனும் இரண்டு மணி நேரம் குழாயில் வரும். அப்படி எழுதிய பலகையைக் காப்பிக் கடைச் சுவரில் மாட்டியவர் ஊர்த்தலைவர் பியெரிஸ்.

7.30. போலீஸ் சார்ஜென்ட் அந்தூலா அணைக்குக் கீழே இறங்கி ஓடையில் கை வைத்தாள். புழுதி. எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

8.05. காப்பிக் கடை. ஊரார் லோயிசோஸின் கைகளைக் கயிற்றால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தலைநகர் நிக்கோசியாவிலிருந்து போலீஸ் வேன் வரும்.

"குளிக்கத் தண்ணியில்லாம எம் புள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. யாருக்குடா வித்த?" மாருல்லா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அவுத்து விடுங்க," என்றாள் அந்தூலா. யாரும் அசையவில்லை.

கடைக்காரர் தோஃபிஸ் காப்பியும் பாகில் ஊறிய வால்நட் இனிப்பும் ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார்.

"சாவி இவன்கிட்ட மட்டும்தான் மகளே. இதுல துப்புத் துலக்க என்ன இருக்கு?" பியெரிஸ் பாகு ஒட்டிய விரல்களைக் குவளையில் அலசினார். மீதியைக் கடைப் படியில் கொட்டினார்.

"ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சா, மாமா?"

"எனக்குக் காது மந்தம். ஊருக்கே தெரியும்," என்றார் லோயிசோஸ்.

"சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் கேக்கும்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அந்தூலா சிரிக்கவில்லை. "பியெரிஸ் ஐயா, உங்க எலுமிச்சந்தோப்பு எப்படி?"

"காயுது. எல்லாருது மாதிரிதான்."

அவள் வெளியே போய்த் தன் கான்ஸ்டபிளுக்குப் போன் செய்தாள்.

8.50. பதில் வந்தது. உள்ளே வந்து நின்றபடியே பேசினாள்.

"மதகைத் திறந்திருந்தா ஓடை நனைஞ்சிருக்கும். அங்க எறும்பு ஊருது. தண்ணி கரைமேல ஏறிப் போயிருக்கு. மோட்டார். அதுக்குச் சாவி வேணாம். காது கேக்காத காவலாளி போதும்."

"யாரு?" என்றாள் மாருல்லா.

அந்தூலா படியைக் காட்டினாள். ஈரம் காய்ந்துவிட்டது. இனிப்புக் கறையை எறும்பு மொய்த்தது.

"வியாழனுக்குக் காத்திருக்கிற ஊர்ல புதன்கிழமை எவன் தண்ணியக் கொட்டுவான்? நீங்க எல்லாரும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சீங்க. ஒருத்தர் விரல் கழுவினாரு. வீட்ல தண்ணி குறையாதவருக்குத்தான் அந்தப் பழக்கம் விடாது. அவர் தோப்புல கேரப் மரத்தடியில ஒரு குழாய். மறுமுனை அணைக்குள்ள. மரமெல்லாம் பச்சைப்பசேல்னு நிக்குதாம்."

பியெரிஸ் எழுந்தார். "மரம் செத்தா திரும்ப வராது. நீங்க ரெண்டு நாள் பொறுத்தா தண்ணி வந்துரும்."

மாருல்லா நாற்காலியைத் தூக்கினாள். அந்தூலா அதைப் பிடித்துக் கீழே வைத்தாள். மாருல்லா லோயிசோஸின் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தாள்.

9.00. வெளியே வேன் நின்றது. கைவிலங்கோடு பியெரிஸ் உதட்டை நக்கினார்.

"தோஃபிஸ், ஒரு வாய் தண்ணி குடு."

தோஃபிஸ் சுவர்ப் பலகையைக் காட்டினார்.

"நாளைக்கு."