பின்னால் விட்ட இடம்

பாத்திஹா மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்த விதமே சரியில்லை. பின் சீட்டு முழுக்க ஏழு வயதுப் பிள்ளைக்கு இருக்க, அவள் அப்பன் முகம்மது கனியின் முதுகில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு, தனக்குப் பின்னால் ஒரு பெரிய ஆளுக்கு இடம் விட்டிருந்தாள். வசதியாகப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னான் கனி.

“தள்ளி உக்காந்தா அம்மா விழுந்துருவாங்க, அத்தா.”

அம்மா ரொஸ்னா மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் ஒரு நிக்காஹ்வுக்கு மூவரும் ஒரே மோட்டாரில் போனார்கள். முன்னால் கனி, நடுவில் பிள்ளை, கடைசியில் ரொஸ்னா. மூவர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. ரொஸ்னா மட்டும் வாரை மாட்டவில்லை. மாட்டினால் தேய்த்துக் கட்டிய பட்டு முக்காடு, அந்தத் துடோங், கசங்கும், தாடைக்குக் கீழே குத்திய புரோச் நகரும். கல்யாணத்துக்குப் போகும் பெண்கள் எல்லோரும் செய்வதுதானே என்று கனியும் சிரித்துவிட்டுக் கிளம்பினான். மலை வளைவில் ஈரத்தில் டயர் வழுக்கியது. இரண்டு உடம்புக்கு நடுவே இருந்த பிள்ளைக்குச் சிராய்ப்பு. கனிக்குத் தோள் எலும்பு முறிவு. ரொஸ்னாவின் ஹெல்மெட் தனியாக உருண்டு டுரியான் தோட்டத்துக்குள் போய் நின்றது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்று கனியின் தோளைத் தட்டினார் ஒரு மாமா, தலையே போன வீட்டில் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டு. நாற்பதாம் நாள் ஓதும் வரைக்கும் பிள்ளையை வகுப்புக்குக் காரில் கொண்டுவிட ஆளாளுக்குப் போட்டி. அது முடிந்ததும் ஒருவர் காரிலும் இடமில்லை. இனித் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்த மோட்டாரைக் கனி மறுபடி எடுத்தான். சூலியா தெருவில் அவன் வேலை பார்க்கும் கடை, பக்கத்துச் சந்தில் அவள் ஓதும் வகுப்பு, ஜெலுத்தோங்கில் வீடு. வேறு வழி?

முதலில் பாரம்தான் தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குப் பின் டயர் இப்படி அமுங்காது. வளைவில் அவன் இடப்பக்கம் சாய்ந்தால் வண்டியின் பின்பாதி பயந்து வலப்பக்கம் இழுத்தது. ரொஸ்னா அப்படித்தான் சாய்வாள், கல்யாணமான நாளிலிருந்து அவன் திட்டியும் கேட்டதில்லை. சிக்னலில் நிற்கும்போது சாக்கடையையும் சம்பால் வாசனையையும் தாண்டி, மழையில் நனைந்த பட்டுத்துணியின் வாடை கழுத்தருகே வந்து நின்றது. அதனடியில் இரும்பு வாடை. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கீழே திருப்பி வைத்தான்.

துணையை இழந்தவர்களுக்கென்று பள்ளிவாசல் மாடியில் காமாரியா அக்கா ஒரு கூட்டம் நடத்தினார். விபத்தில் தப்பியவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றுவது சகஜம் என்றார் அவர், தேநீரை நகர்த்திக்கொண்டே. “பிள்ளைய அதட்டாதீங்க தம்பி. அவளுக்கு அந்த இடம் வேணும். விட்டுருங்கலா.”

விடுவதாமே. ரொஸ்னா பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனால் இந்த அக்காவா வந்து நிற்பார்? மறுநாளே மோட்டார் கடைக்குப் போய், மகளின் முதுகை முட்டும்படி பின் சீட்டில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டான். இனி ஒரு பூனைக்குக்கூட அங்கே இடமில்லை. எனக்கு என் மகள் வேண்டும், நீ போ ரொஸ்னா, என்று வாய்விட்டே சொன்னான்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. பாத்திஹா பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கனி அவள் ஹெல்மெட் வாரை மாட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினான். வண்டி லேசாக ஓடியது. டயர் அமுங்கவில்லை. வாடை இல்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. நெடுஞ்சாலையில் ஏறினான். இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்தன.

“அத்தா.”

“என்னம்மா?”

“அம்மா முன்னாடி வந்துட்டாங்க.”

ஹேண்டில் கனத்தது.

தொடைகளுக்கு நடுவே ஈரம். குளிர். நனைந்த பட்டு வந்து அவன் ஹெல்மெட் கண்ணாடியில் அப்பியது. சாலை மறைந்தது. லாரியின் ஹார்ன் மட்டும். எந்தப் பக்கம்? தெரியவில்லை. பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தான். கை மடங்கவில்லை. இரண்டு கைகள் அவன் முழங்கைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு பின்னால் போயிருந்தன. மகளை நோக்கி.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இப்போது நடுவில் இருப்பது அவன். கடைசியில் இருப்பது பிள்ளை.

“விட்டுரு ரொஸ்னா. அவள விட்டுரு.”

பட்டு மெல்ல விலகியது. ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே சின்னப் பிள்ளைகளை நிற்கவைக்கும் அந்த இடத்தில் அவள் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புருவம் வரைக்கும் ரொஸ்னா. அதற்கு மேலே மழை பெய்துகொண்டிருந்தது.

முதுகில் ஒட்டியிருந்த பிள்ளையின் கன்னம் அந்தக் கைகளின் இழுப்பில் விலகியது.