அம்மாவின் கட்டைவிரல்

விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே குமரேசனுக்குத் தலை குனிந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கே அம்மா போய்ச் சேர்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அன்புச்செல்வி ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறாள். இந்த மகராசன் போனைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறான்.

திண்டிவனம் வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. கூடத்தில் ஐஸ் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் லட்சுமியம்மாள் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"இப்பதான் வர்றியா தம்பி?" என்றாள் அன்புச்செல்வி. அதற்குப் பதில் அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

பங்காளிகளில் மூத்தவரான கண்ணையன் நேரே விஷயத்துக்கு வந்தார். "எல்லாருக்கும் சேதி சொல்லியாச்சி. ஒன் மாமனுக்குச் சொன்னியா? பொறந்த வூட்டுக் கோடிப் பொடவை வந்து மேல போர்த்தாம எடுக்க முடியாதுப்பா. அது இன்னா அனாதப் பொணமா?"

மாமா பெரியதம்பி அம்மாவுக்கு ஒரே தம்பி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாத வாய்த்தகராறில், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அவரை விரட்டியவன் இவன்தான். நம்பரையும் அன்றைக்கே அழித்துவிட்டான். வானூர் பக்கம் ஏதோ கட்டடத்தில் அவர் காவலுக்கு இருக்கிறார் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டடம் என்று யாருக்கும் தெரியாது.

"ஒங்கம்மா மாமங்கூடத் தெனம் பேசிக்கினு இருந்துச்சி. நீ வந்து இருக்கிற நாள்ல, ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு எங்க வூட்டுக்கு வந்து பேசும்" என்று அம்மாவின் போனைக் கொண்டுவந்து நீட்டினாள் அன்புச்செல்வி. "நம்பரு இதுலதான் இருக்கு. தொற."

போன் சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. சார்ஜ் போட்டு எழுப்பியதும் பூட்டு எண்ணைக் கேட்டது.

எண் போட்டவன் குமரேசன்தான். வாங்கிக் கொடுத்த அன்றைக்கு, "நம்பரு இன்னா கண்ணு?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். "ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? வெரல வையி, தொறக்கும்" என்று எரிந்து விழுந்தான். அந்த எண் இப்போது அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

தன் பிறந்த தேதியைப் போட்டான். கல்யாணத் தேதியைப் போட்டான். ஊகூம்.

"அம்மா பொறந்த தேதியப் போடுப்பா" என்றது ஒரு குரல்.

அது அவனுக்குத் தெரியாது. நாற்பது வயதாகியும் பெற்றவளின் பிறந்த தேதி தெரியாது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, தெரிந்தவன்போல ஏதோ ஆறு எண்ணைத் தட்டினான். கூசிப்போனான்.

போன் கடை அலெக்ஸ் வந்து சிம்மைக் கழற்றிப் பார்த்து, திரும்பப் போட்டான். "சிம்முல ஒண்ணும் இல்லண்ணே. ரீசெட் பண்ணா தொறக்கும். ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் பூடும்."

மணி பன்னிரண்டு. நாலு மணிக்குள் எடுத்தாக வேண்டும்.

"கொஞ்ச நேரம் அம்மாகூடத் தனியா இருக்கேன்" என்றான் குமரேசன்.

பாவம், துக்கம் என்று நினைத்து எல்லோரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்தினான். ஊதுவத்தியும் வாடிய சாமந்தியும் கலந்த வாசனை நெஞ்சை அடைத்தது. பெட்டியின் மூடியைத் தூக்கியபோது குளிர் முகத்தில் அடித்தது.

அம்மாவின் வலது கையைத் துணிக்கடியிலிருந்து இழுத்தான். அது விறைத்து, மெதுவாகத்தான் வந்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தது. நிமிர்த்தினான். மூட்டு ‘மடக்’கென்றது.

மன்னிச்சிடும்மா.

விரலைப் போனில் அழுத்தினான். துடைத்து அழுத்தினான். தன் வாயால் ஊதிச் சூடாக்கி, மறுபடி அழுத்தினான். அப்போதுதான் திரையில் இருந்ததைப் படித்தான். போன் அணைந்து எழுந்தால் கைரேகை செல்லாது, எண்ணைப் போட்டே ஆக வேண்டுமாம். உயிரோடு இருக்கிற விரலை வைத்தாலும் திறந்திருக்காது.

கையை உள்ளே வைக்கப் போனான்.

வைக்க முடியவில்லை.

அம்மாவின் விரல்கள் அவன் கையைச் சுற்றி மடங்கியிருந்தன.

பெட்டியின் முனகல் நின்றது. கூடம் முழுக்க ஒரு சத்தம் இல்லை.

"விடும்மா" என்று கிசுகிசுத்தான்.

விரல்கள் தளர்ந்தன. முனகல் மறுபடி தொடங்கியது. மூடியைச் சாத்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். யாரிடம் என்னவென்று சொல்வது?

இரண்டரை மணிக்குப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்தார். கையில் துணிக்கடைப் பை.

பெரியதம்பி மாமா.

"யாருப்பா சேதி சொன்னது?" என்றார் கண்ணையன்.

"எங்கக்காதான். மதியம் பன்னெண்டே காலுக்கு" என்றார் மாமா. பெட்டியைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கோடி எடுத்துக்கினு ஜல்தி வாடான்னுச்சி. கட்டவெரலு வலிக்குதுன்னுச்சி. புள்ளைய ஒண்ணும் கேக்காத, அவன் நம்பர மறந்துட்டு முழிக்கிறான்னுச்சி. ஏதோ பெனாத்துதுன்னு நெனச்சேன். எப்பப் போச்சி உசுரு?"

அன்புச்செல்வி குமரேசனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அம்மாவின் போன் பூட்டியபடியே அந்தக் கையில் இருந்தது.

மாமா அக்காவுக்குக் கோடி போர்த்தினார். நாலு மணிக்கு எடுத்தார்கள். குழிக்குள் இறக்கியதும், "ஆசையா வச்சிக்கினு இருந்துச்சி, கூடவே போவட்டும்" என்று குமரேசன் போனை ஆஃப் செய்து அம்மாவின் கையடியில் வைத்தான். பாசம் என்று ஊர் நினைத்தது. அதை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்தான் என்பதுதான் நிஜம். மண் தள்ளி மூடினார்கள்.

திரும்பி வரும் வழியில், கரும்புத் தோட்டத்து ஓரமாக, மாமாவின் சட்டைப் பை ஒலித்தது. அவர் போனை எடுத்தார். திரையில் ‘அக்கா’ என்றிருந்தது.

மாமா காதில் வைத்தார். "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டார். போனைக் குமரேசனிடம் நீட்டினார்.

"ஒங்கிட்ட பேசணுமாம் மாப்ள. பூட்டு நம்பர எழுதிக்கச் சொல்லுது."

வாங்க அவனுக்குக் கை எழவில்லை. மாமாவே போனை அவன் காதில் வைத்தார். மண்ணுக்கடியிலிருந்து வருகிறமாதிரி, அடைத்த குரலில், அம்மா முதல் எண்ணைச் சொன்னாள்.

உடனே அவனுக்கு முழு எண்ணும் நினைவுக்கு வந்துவிட்டது. "போதும்மா, போதும்மா" என்று தேம்பினான். அம்மா நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.