நூறு எண்ணுவதற்குள்

சனிக்கிழமை காலை மைல் 72 என்ற கடற்கரையில் இருந்தவர்கள்:

நெலாகோ. வயது பதினொன்று. கையில் அவளைப் போல மூன்று மடங்கு உயரமுள்ள தூண்டில் கழி.

ஷிகோங்கோ. நெலாகோவின் அப்பா. வெளியூர்க்காரர்களைச் சுறா பிடிக்க அழைத்துப் போவது அவர் வேலை. அதிகம் பேச மாட்டார்.

ருவான். வயது பன்னிரண்டு. ஏழு மணிக்கே ஒரு சுறாவைப் பிடித்து, அளந்து, கடலில் விட்டுவிட்டான். இரண்டு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதை எல்லோரிடமும் மூன்று முறை சொல்லியாயிற்று.

கூபஸ் மாமா. புது வண்டி வாங்கியவர். அதையும் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

ஹெஸ்டர் அத்தை. போட்டியின் நடுவர். அளவு நாடா அவரிடம் மட்டும்தான் இருந்தது.

ஒரு வெண்கலச் சுறா. அது கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஹென்டீஸ் பே என்ற கடலோர ஊரில் வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கான சுறாப் போட்டி நடக்கும். நீளமான சுறாவைப் பிடித்து, அளந்து, உயிரோடு கடலுக்கு அனுப்புபவருக்கு வெற்றி. அவர் பெயரை மீன்பிடிச் சங்கத்துப் பலகையில் எழுதுவார்கள். சுறா கரைக்கு வரும்வரை கழியை வேறு யாராவது தொட்டால் கணக்கில் வராது.

நெலாகோவுக்கு இது மூன்றாவது வருடம். முதல் வருடம் அவளுக்குக் கிடைத்தது கடல்பாசி. இரண்டாம் வருடம் அதைவிடப் பெரிய கடல்பாசி.

"இந்தத் தடவ மூணு மீட்டர் பாசி வரும் பாரு," என்றான் ருவான்.

"வந்தா உனக்குத் தொப்பி பண்ணித் தர்றேன்," என்றாள் நெலாகோ.

அப்பா சிரிக்கவில்லை. கூபஸ் மாமாவின் வண்டிச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்கிடுங்க. மணல் இன்னிக்கு மாவாட்டம் இருக்கு, சக்கரம் புதைஞ்சிடும்."

"இந்த வண்டிக்கா?" கூபஸ் மாமா வண்டியின் முதுகில் தட்டினார். "இது மலையே ஏறும், ஷிகோங்கோ. காத்த எறக்குறதெல்லாம் உன்னோட பழைய டப்பாவுக்கு."

அப்பா தோளைக் குலுக்கிவிட்டு மடவை மீன் தலையை நெலாகோவின் தூண்டிலில் கோத்தார். அவள் ஓடிவந்து வீசினாள். இரை பனிமூட்டத்துக்குள் போய் எங்கேயோ விழுந்தது.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழி வில்லாக வளைந்தது.

"அப்பா!"

"பாசியா?" என்றான் ருவான்.

கழியின் சுருளிலிருந்து தூண்டில் நரம்பு கிறீச்சென்று ஓடியது. பாசி அப்படி ஓடாது.

சுறா தெற்கே இழுத்தது. நெலாகோ கழியின் அடியை இடுப்புப் பட்டையில் ஊன்றிக்கொண்டு தெற்கே நடந்தாள். நடந்தாள் என்பதைவிட இழுபட்டாள் என்பதே சரி. அப்பா பின்னாலிருந்து அவள் பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டார். கழியைத் தொடவில்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ருவான் கூடவே ஓடினான்.

"நீ எதுக்கு வர்ற, ருவான்?" என்றாள் நெலாகோ.

"வேடிக்கை பாக்கத்தான். அறுத்துக்கிட்டுப் போகுறப்ப உன் மூஞ்சியப் பாக்கணும்."

சுறா அறுத்துக்கொண்டு போகவில்லை. நெலாகோ சுருளைச் சுற்றினாள். அது திரும்ப இழுத்துக்கொண்டது. மறுபடி சுற்றினாள். வண்டிகள் நின்ற முகாம் சிறிதாகி, பனியில் மறைந்தது. அவள் ஒருமுறை மண்டியிட்டு விழுந்தாள்.

"விட்டுடலாமா?" என்றார் அப்பா.

"விட்டா அது வாயில தூண்டிலோட, இவ்வளவு நீள நரம்பையும் இழுத்துக்கிட்டு அலையும்." அவள் எழுந்தாள். "அதோட, ருவான் என் மூஞ்சியப் பாக்கக் காத்துக்கிட்டிருக்கான்."

ஐம்பது நிமிடம் கழித்து அலைக்குள் ஒரு பழுப்பு முதுகு தெரிந்தது. ருவான் கருவிப் பையை அவசரமாகத் திறந்தான்.

அப்பா தண்ணீரில் இறங்கினார். பெரிய அலை ஒன்று வந்ததும் வாலைப் பிடித்து, அந்த அலையோடு சேர்த்தே இழுத்தார். சுறா ஈர மணலில் வந்து படுத்தது. வெண்கலப் பானையைத் துலக்கி வைத்ததுபோல் மின்னியது.

அந்த நொடியே அப்பா எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

இதுதான் அப்பாவின் சட்டம். சுறா மணலைத் தொட்டால் எண்ணத் தொடங்குவார். நூறு ஆவதற்குள் அது கடலுக்குள் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு பணக்காரர் புகைப்படத்துக்காக நூற்றைம்பது வரை கேட்டார். மறுநாள் அப்பா அவரை வண்டியில் ஏற்றவே இல்லை.

நெலாகோ ஈரத் துணியால் சுறாவின் கண்ணை மூடினாள். ருவான் நீட்டிய வெட்டுக் குறடால் தூண்டில் முள்ளை நறுக்கி எடுத்தாள்.

"இருபத்தெட்டு. இருபத்தொம்பது."

"டேப் எங்க?" என்றாள்.

எல்லோரும் வடக்கே பார்த்தார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு வண்டியின் உறுமல் கேட்டது. உறுமல் பெரிதானது. ஆனால் பக்கத்தில் வரவில்லை. ஒரே இடத்திலிருந்து உறுமியது.

"சிக்கிக்கிச்சு," என்றான் ருவான். "மலை ஏறுற வண்டி."

"முப்பத்தாறு. முப்பத்தேழு."

ஹெஸ்டர் அத்தை அந்த வண்டிக்குள் இருந்தார். நாடாவும் அங்கேதான் இருந்தது.

"ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்றான் ருவான். "பத்து நிமிஷம். சுறா எல்லாம் லேசுல சாகாது. அளக்காம விட்டா உனக்கு ஒண்ணும் கிடையாது, தெரியும்ல?"

தெரியும். மூன்று வருடமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். சுறாவின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். செவுள் பிளவுகள் மெல்லத் திறந்தன, மூடின. முன்பைவிட மெதுவாக.

"நாப்பத்தஞ்சு." அப்பா அவளையே பார்த்தார். "நாப்பத்தாறு."

"காத்திருக்க வேணாம்," என்றாள் நெலாகோ.

எழுந்து தன் கழியை எடுத்தாள். சுறாவின் பக்கத்தில் மணல்மேல் நேராக வைத்தாள். கழியின் அடி மூக்கு நுனிக்கு நேராக இருந்தது. கழி சுறாவையும் தாண்டி நீண்டது.

"ருவான், இரை கட்டுற எலாஸ்டிக் நூல் வச்சிருக்கியா?"

"எப்பவும் பையில இருக்கும்."

"வால் ரெண்டாப் பிரியுற இடம் இருக்குல்ல? அதுக்கு நேரா கழியில இறுக்கிக் கட்டு."

"நானா?"

"நீதான். நான் கட்டினா நாளைக்கு நீயே சொல்லுவ, நெலாகோ தள்ளிக் கட்டிட்டான்னு."

ருவான் நூலை எடுத்தான். வாலைப் பார்த்தான். கழியைப் பார்த்தான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். தன் சுறாவைவிட இது நீளம் என்பதும் தெரிந்தது. ஒரு சாண் மூக்குப் பக்கம் தள்ளிக் கட்டினால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"அறுபத்திரண்டு. அறுபத்திமூணு."

"சீக்கிரம்டா!"

அவன் குனிந்தான். வால் பிரியும் இடத்துக்கு மிகச் சரியாக நேரே பத்துச் சுற்றுச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டான்.

"கட்டியாச்சு! தூக்கு!"

மூவரும் சேர்ந்து சுறாவின் தலையைக் கடல்பக்கம் திருப்பினார்கள். தண்ணீர் இல்லாத மணலில் வாலைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கக் கூடாது. மணல் செவுளுக்குள் போய்விடும். அலை வந்தபோது தள்ளினார்கள். குளிர்ந்த தண்ணீர் நெலாகோவின் இடுப்பு வரை ஏறியது. பற்கள் கிடுகிடுத்தன.

"எண்பத்தொண்ணு."

சுறா அசையவில்லை. நெலாகோ அதன் பக்கவாட்டில் கை வைத்துத் தாங்கினாள்.

"போ," என்றாள். "உன்ன யாரும் பிடிச்சு வைக்கல. போ."

"எண்பத்தெட்டு. எண்பத்தொம்பது."

வால் ஒருமுறை துடித்தது. பிறகு ஓங்கி அடித்தது. ருவான் அப்படியே மல்லாந்து தண்ணீருக்குள் போனான். ஒரு பழுப்பு நிழல் அலைக்கு அடியில் நழுவிக் காணாமல் போனது.

"தொண்ணூத்திரண்டு," என்றார் அப்பா. அதோடு நிறுத்திக்கொண்டார்.

ருவான் மூக்கிலிருந்து உப்புத் தண்ணீரைச் சிந்தியபடி எழுந்தான். "என்னைய அறைஞ்சிடுச்சு!"

"உன் மூஞ்சியப் பாக்கணும்னு நெனச்சேன்," என்றாள் நெலாகோ. "பாத்துட்டேன்."

அரை மணி நேரம் கழித்து ஹெஸ்டர் அத்தை நடந்தே வந்து சேர்ந்தார். காலணி நிறைய மணல். அவருக்குப் பின்னால் தலைகுனிந்தபடி கூபஸ் மாமா.

"சுறா எங்க?" என்றார் அத்தை, மூச்சு வாங்க.

"கடல்ல."

"அளக்காமலா?"

நெலாகோ கழியை நீட்டினாள். "மூக்கு இங்க. வால் பிரியுறது அந்த நூல்ல."

"கழியில யார் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் கட்டலாமே," என்றார் கூபஸ் மாமா. அவருக்கு எதிலாவது ஜெயிக்க வேண்டியிருந்தது.

"நான்தான் கட்டினேன்," என்றான் ருவான். "என் நூல். என் முடிச்சு. நான் எதுக்கு அவளுக்காகத் தள்ளிக் கட்டணும்? தோக்கப்போறதே நான்தானே!"

ஹெஸ்டர் அத்தை முடிச்சைப் பார்த்தார். ருவானைப் பார்த்தார். பிறகு குனிந்து நாடாவை விரித்தார்.

"ரெண்டு மீட்டர் முப்பத்தேழு," என்றார். "எழுதிக்கிறேன். பலகைக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லு, உன் பேர."

நெலாகோ சொல்லவில்லை, கத்தினாள். ஒவ்வோர் எழுத்தாக. கடற்காக்கைகள் பறந்து ஓடின. அப்பா அன்று முதன்முறையாகச் சிரித்தார். பிறகு கூபஸ் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"இப்பவாவது காத்த எறக்குவோமா?"

"எறக்கு," என்றார் கூபஸ் மாமா, மிகச் சன்னமாக.

மணலிலிருந்து வண்டி வெளியே வர மாலை ஆகிவிட்டது. நெலாகோ வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மா இரண்டு அடி பின்வாங்கினார்.

"யாரு இது? என் பொண்ணா, அழுகின மடவை மீனா?"

"அம்மா, நான் ஜெயிச்சிட்டேன்! ரெண்டு மீட்டர் முப்பத்தேழு! பலகையில என் பேரு! ருவானை வாலாலேயே..."

"ரொம்ப சந்தோஷம்டி, என் தங்கம். கட்டிப் பிடிச்சுக்கணும்போல இருக்கு. இப்ப வேணாம்." அம்மா அவள் தோளை இரண்டு விரலால் பிடித்துக் குளியலறைக்குள் தள்ளினார். கையில் ஒரு புது சோப்பைத் திணித்தார்.

"எவ்வளவு நேரம் குளிக்கணும்?"

"உங்க அப்பா எப்படி எண்ணுவாரு?"

"நூறு வரைக்கும்."

"நீ ஆயிரம் எண்ணு," என்றார் அம்மா.

உள்ளேயிருந்து, "ஒண்ணு! ரெண்டு!" என்று வெற்றிக் குரல் கிளம்பியது. அம்மா கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.