விருந்தாளிக்கு மாத்திரை

புது நுரையீரலோடு என் கணவர் வீடு திரும்பிய அன்று மாடிப்படியில் எங்கேயும் நிற்கவில்லை. முன்பெல்லாம் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நீ போ வாயாடி, நான் வரேன்" என்பார். அன்று எனக்கு முன்னால் போய்க் கதவருகே நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாத்திரைப் பொறுப்பு என்னுடையது. காலையும் மாலையும் மணி அடித்ததும் கொடுத்துவிட வேண்டும்.

"உடம்புக்கு இது அந்நிய உறுப்பு. அடிச்சுத் துரத்தத்தான் பார்க்கும். மாத்திரைதான் உடம்போட கையைக் கட்டிப் போடுது. ஒரு வேளைகூடத் தவறக் கூடாதும்மா" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். நுரையீரல் யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம்.

கிருமிக்குப் பயந்து பூந்தொட்டிகளை வெளியேற்றினேன். கதவுப்பிடியைக்கூட விடாமல் துடைத்தேன். வெளியிலிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

ஒரு மாலை அவர் மூச்சுக் கருவியில் ஊதிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். "மூச்சை அடக்குங்க. நான் சொன்னதும் ஊதுங்க" என்றேன். வாயை இறுக மூடி, மூக்கையும் பிடித்துக்கொண்டார்.

நெஞ்சு ஏறி இறங்கியது.

"விளையாடாதீங்க."

இல்லை என்று தலையாட்டினார். கண்கள் பிதுங்கின. நெஞ்சு மட்டும் தூங்குகிறவர் நெஞ்சுபோல நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மூடிய வாய்க்குள்ளிருந்து ஓர் இளங்குரல் வந்தது.

"அக்கா... மாத்திரை."

என் கையிலிருந்த டம்ளர் விழுந்தது.

மூக்கிலிருந்து கையை எடுத்ததும் அவர் கிசுகிசுத்தார். "ஒவ்வொரு மாத்திரைக்கும் அவன் பெருசாகறான் வாயாடி. எனக்கு உள்ளே இடமில்ல. கொடுக்காதே."

கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. அதற்கு மறுநாள் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உதடுகள் நீலம் பூத்தன. நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"எதுக்கும்மா நிறுத்தினீங்க? உடனே கொடுங்க, வண்டி அனுப்பறோம். இல்லேன்னா ஆளு போயிடுவார்!"

கொடுத்தாலும் போய்விடுவார் என்று நர்ஸிடம் எப்படிச் சொல்வேன்?

அவர் தலையை நிமிர்த்தி மாத்திரையை நாக்கில் வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். தள்ளிவிட அவருக்குத் தெம்பில்லை.

"வாயாடி..."

தண்ணீரை ஊற்றினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் வீட்டுக்கு வந்துவிட்டோம். மூச்சு சீராக இருக்கிறது. நீ கொடுத்துவைத்தவள் என்கிறார்கள் எல்லோரும். நான் இப்போது யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

இன்று மணி அடிப்பதற்கு முன்பே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நேரமாச்சு."

உதடுகள் சிரித்தன. கண்களிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

நான் மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன்.